மூன்று அடியும் ஓர் இடைவெளியும்

முள்ளிவாய்க்கால்
12.08.2001

அன்பான பிள்ளை ரூபினிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டபடியே இருக்கிறேன். உன் கடிதமும் கசற்றும் போன கிழமை மடத்துச் சிஸ்டர் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே இந்த முறை காற்று பலம், மீன்பாடு குறைவு, அப்பாவுக்கு முழங்கால் நோ, என்றாலும் கடலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். உங்கள் இசைத்தட்டைப் பற்றி நோர்வேயில் இரண்டு பேப்பர்கள் எழுதியதை நீயே தமிழில் எழுதி அனுப்பியிருந்தாய். ஒருவர், இப்படியொரு மெற்றல் இசையை இதுவரை கேட்டதில்லை, மேளம் அடிக்கும் பெண்ணின் கைகளை மறக்க முடியாது என்று எழுதியிருக்கிறார், வாசித்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மற்றவர் முதல் மூன்று பாட்டையும் துணிச்சல் என்று சொல்லிவிட்டு, கடைசிப் பாட்டை மட்டும், பழுதான இயந்திரம் மாதிரி ஒரே அடி, நடுவில் காரணமில்லாத மௌனம், கேட்பவரின் பொறுமையைச் சோதிக்கிறது என்று கிழித்திருக்கிறார். இனிமேல் புதிதாகப் பதிக்கும் இசைத்தட்டுகளில் அதை வெட்டிவிடலாமா என்று தட்டு வெளியிடும் கம்பனிக்காரர் கேட்பதாகவும், உன்னோடு வாசிக்கும் பெடியன்கள் முடிவை உன்னிடமே விட்டுவிட்டதாகவும், நாங்கள் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். அது என்ன பாட்டென்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

பற்றரிக்குத் தடை, இங்கே எடுக்க ஏலாது என்று உனக்குத் தெரியும். அப்பா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரைக் கசற் போடுகிற றேடியோவில் கொழுவி, ஏறியிருந்து மிதித்தார். அவர் மிதிக்கிற வேகத்துக்குத்தான் பாட்டும் ஓடும். முதல் பாட்டில் ஒருவன் மாடு கதறுவது போலப் பாடினான், நான் அப்பா களைத்துவிட்டார் என்று நினைத்து, கெதியா மிதியுங்கோ, பாட்டு இழுபடுது என்றேன். அவர் வியர்க்க வியர்க்க மிதித்தும் அவன் அப்படியேதான் கதறினான், பிறகுதான் அவனுடைய குரலே அதுதான் என்று விளங்கியது. பக்கத்து வீட்டு மீனம்மா ஏதோ எஞ்சின் வெடித்துவிட்டதென்று ஓடிவந்து, கசற் என்று அறிந்ததும், எங்கட ரூபினியோ இப்பிடி அடிக்கிறாள், சின்னனில ஒரு சட்டிபானையை விட்டுவைக்காதவள்தானே என்று சிரித்தார். நீ குசினிக்குள் பால்மாத் தகரப் பேணிகளை வரிசையாகக் கவிழ்த்து அகப்பைக் காம்பால் அடிப்பதும், நான் ஏசினால் ஒரு பேணியை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டு மற்றவற்றில் அடிப்பதும் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தச் சத்தமில்லாத குசினி எனக்கு இன்னும் பழகவில்லை பிள்ளை.

பிறகு கடைசிப் பாட்டு தொடங்கியது. கிற்றார் இல்லை, கத்தல் இல்லை. மூன்று அடி, பிறகு ஒன்றுமில்லை, திரும்பவும் மூன்று அடி. மீனம்மா றேடியோ பழுதென்று நினைத்தார். எனக்கோ அது என்ன அடியென்று உடனே தெரிந்துவிட்டது. எண்பத்தொன்பதாம் ஆண்டு கார்த்திகை, அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போன அன்று மத்தியானத்தோடு மழை இருட்டிக் கடலே தெரியவில்லை. மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன, அவர்களைக் காணவில்லை. நாங்கள் செபமாலையும் கையுமாக அழுதுகொண்டு நிற்க, பதினொரு வயசுப் பிள்ளை நீ, வெறும் டீசல் இரும்புப் பரல் ஒன்றைக் கரைக்கு உருட்டிக்கொண்டு வந்து துடுப்புக் கட்டையால் அடிக்கத் தொடங்கினாய். மூன்று அடி அடிப்பாய், பிறகு நிறுத்திவிட்டுக் கடலுக்குக் காது கொடுப்பாய். நிறுத்தாமல் அடி என்று சொன்ன மீனம்மாவைப் பார்த்து, விடாம அடிச்சால் அப்பா கூப்பிடுறது எப்பிடிக் கேக்கும் என்று கத்தினாய். கட்டையை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. வெளிச்சம் மங்குவதற்குள் படகு வந்தது. எஞ்சின் நின்று, கரை எந்தப் பக்கமென்று தெரியாமல் தவித்தபோது, பரல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டு வந்ததாக அப்பா சொன்னார். நீ நிறுத்திய ஒவ்வொரு தரமும் அவர் கத்தினாராம், காற்று அதைக் கரைக்கு விடவில்லை. இதையெல்லாம் நான் நினைத்து முடிக்கவில்லை, சைக்கிளில் இருந்த அப்பா, மூன்று அடி முடிந்ததும், ஓய் பிள்ளை, வாறன் என்று பலமாகக் கத்தினார். அடுத்த மூன்று அடிக்குப் பிறகும் கத்தினார். பிறகு அவருடைய கால் நின்றுவிட்டது, பாட்டும் இழுபட்டு நின்றது. மீனம்மா எழும்பி வீட்டுக்குப் போனார். அப்பா சாரத்து நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டு, பாட்டு முடியுமட்டும் திரும்ப மிதித்தார்.

பேப்பரில் எழுதிய மனிசனோடு எனக்குக் கோபமில்லை, அவருக்கு இது ஒன்றும் தெரியாது, நீயும் சொல்லவில்லை. தெரியாமல் கேட்டால் எனக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும். நீ அதற்காகச் சாப்பிடாமல் கிடக்காதே, நீ அனுப்பிய படத்தில் நன்றாக மெலிந்துபோய் இருக்கிறாய். மேளம் அடிக்கும்போது காதுக்குப் பஞ்சு வை, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, அங்கேயிருக்கிற சித்தி வீட்டுக்கும் போய் வா, பேப்பரில் உன் படத்தைக் கண்டு ஏதாவது முணுமுணுத்தாலும் பெற்ற தாய்க்கு அடுத்தபடி உன்னைப் பார்த்தவர் அவர்தான். மாதாவின் ஆசீர்வாதம் உன்னோடும் உன்னோடு வாசிக்கிற பிள்ளைகளோடும் இருக்கட்டும். கம்பனிக்காரருக்கு என்ன மறுமொழி எழுதட்டும் என்று அப்பாவைக் கேட்டேன். வெட்ட வேண்டாமெண்டு எழுது, மற்றது, இடையில விடுறதை ஒரு சொட்டும் குறைக்க வேண்டாம், நான் அதுக்குள்ளதான் கூப்பிட்டனான் என்றார். மறக்காமல் இதை அப்படியே அவர்களிடம் சொல்லு.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா
யூலிற்றா