விடாதீங்க

நெருப்பெரிச்சல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

நாகஜோதி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். ஜெயில் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? வயிற்றுவலி மாத்திரையை வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன், கைக்கு வந்ததா?

தையல் மிஷினில் மயங்கி விழுந்த சித்ராதேவி தேறிவிட்டாள். நானும் அவளும் இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறோம். அன்றைக்கு அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க விடாமல், நடிக்கிறாள் என்று சொன்ன சூப்பர்வைசர் ஆறுச்சாமிக்குத்தான் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. கல் பட்ட இடது கண்ணில் இனிப் பார்வை வராதாம். எறிந்தது யார் என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள்மேல் போட்டிருப்பது "தூண்டிவிட்டது" என்று வக்கீல் சொன்னார். தூண்டுவது என்றால் எனக்கு விளக்குத் திரிதான் தெரியும். கல்லையே தொடாத மனுஷன்மேல் எப்படி சார் கேஸ் என்று கேட்டேன். அடுத்தவன் கையை ஏவிவிட்டாலும் குற்றம்தாம்மா என்றார். நாமெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு கேட்டில் கூடி நின்றபோது ஆறுச்சாமி வண்டியை எடுத்தார். நீங்கள் "விடாதீங்க" என்று கத்தினீர்கள். ஆளை விடாதீங்க என்றா, போராட்டத்தை விடாதீங்க என்றா? கேஸே அதில்தான் நிற்கிறதாம். பக்கத்தில் நின்ற நான், "போராட்டத்தை" என்ற சொல்லும் காதில் விழுந்தது என்று சாட்சி சொன்னால் போதுமாம்.

இரண்டு நாளாக மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகிறது. நேற்று ஆறுச்சாமியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். கோபப்படாதீர்கள். ஆறுச்சாமியின் மனைவி என்னை வையவில்லை. "உங்கூட்டுக்காரரு கை வைக்கலைங்க அம்மிணி. ஆனா அவரு சத்தம் போட்ட பொறவுதானுங்க கல்லு வந்துச்சு" என்றார். அங்கிருந்து நேராக வக்கீலிடம் போய், என் காதில் விழுந்தது "விடாதீங்க" ஒன்றுதான், அதை மட்டும்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் கஷ்டம்தாம்மா என்றார்.

எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களாம். திங்கட்கிழமை மனு போட்டு உங்களைப் பார்க்க வருகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, தலையைக் குனியாமல் என் முகத்தைப் பாருங்கள் அத்தான். அது போதும்.

உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். அந்த மனுஷன் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள்
நாகஜோதி