படத்தில் விழாத தூசி

அத்தைக்கு உங்கள் மருமகள் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

அவர் இறந்து ஐந்து மாதமாகிறது, அவருடைய கேமரா உன் கையில் கெட்டுப்போகும், கொழுந்தனுக்கு அனுப்பிவிடு என்று எழுதியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன் அத்தை. அதில் நான் படம் எடுக்கிறேன்.

போன வாரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தது. நான் வேலை செய்யும் சலவைக் கடையின் பஞ்சுத் தூசிதான். பிள்ளை கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவோமே, அப்படி லென்ஸைக் கழற்றி வாயால் ஊதினேன். ஒரு புள்ளி ஒன்பதாயிற்று.

கேமரா பழுது பார்ப்பவர் தலையில் அடித்துக்கொண்டார். "எச்சில் தெறிச்சிருக்குக்கா. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? வித்துடுங்க."

"வழி கேட்டா ஊரை விட்டே போகச் சொல்றீங்களே! எப்படித் துடைக்கணும்னு காட்டுங்க" என்றேன்.

காட்டினார். படம் விழுகிற சென்சாரை மெல்லிய துணிக்குச்சியால் ஒரே இழுப்பில் நானே துடைத்தேன். கண் வைத்துப் பார்க்கிற துளையிலும் ஒரு தூசி தெரிந்தது.

"அது படத்துல விழாதுக்கா, விட்டுடுங்க."

"விழாட்டி என்ன? எனக்குத் தெரியுதே" என்று அதையும் எடுத்தேன்.

வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. கொழுந்தனாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேமராவின் மேல்பக்கம் துடைக்க அவருடைய பழைய பனியன் ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம் அத்தை, இருக்கிறபடியே அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மருமகள்