உன் புத்தகத்தில் இல்லாத முள்

கச்சிராயபாளையம்
ஐப்பசி 12

அன்பு மகள் இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்த டெல்லிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்து பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் காகிதம். அணை நிரம்பிவிட்டது. செவலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார் என்று நீ அனுப்பின கட்டு வந்தது. பஞ்சம், காலரா, கொரோனா என்று கெட்ட காலம் வந்தபோது ஜனங்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஐந்தாவது படித்த எனக்கே எழுத்துக்கூட்டினால் புரிகிறது. கொரோனாவில் அப்பா போனதையும் எழுதியிருக்கிறாய், தகரம் அடித்த வீட்டில் நான் ஒருத்தி கிடந்தேன், ஊரில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று. அது நிஜம்தான். ஆனால் அதற்கு முந்தின வருசம் நடந்ததை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்சவள்ளி சித்தி மகன் அஜித்குமார் கோயம்பேட்டில் மூட்டை தூக்கினவன், மார்க்கெட்டை மூடினதும் நடையும் லாரியுமாக வருகிறான் என்று தெரிந்தது. அவன் தெருவுக்குள் வராதபடி வேலிமுள்ளை வெட்டினது உன் அப்பா, பாதையில் இழுத்துப் போட்டது நான். பதினைந்து நாள் அவன் மோட்டார் கொட்டகையில் கிடந்தான், கடைசியில் அவனுக்கு நோயே இல்லை. எந்தப் பாவி போட்டானோ என்று அம்சவள்ளியோடு நின்று நானும் திட்டினேன்.

அப்பா போய், தகரம் பிரித்த அன்று கரும்பைப் பார்க்கப் போனேன். அக்கினி வெயிலில் காய்ந்திருக்கும் என்று போனால் பாத்தியெல்லாம் ஈரம். மேல் கழனி அம்சவள்ளியுடையது. வரப்பு உடைந்து வந்த தண்ணீரா, அவள் மனசு வந்து மடையைத் திருப்பினாளா, தெரியவில்லை, கேட்க வாயும் வரவில்லை. உன் எழுத்தைப் படித்த பிறகு போய்க் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டே, "இன்னாக்கா, நாலு வருசம் கழிச்சி வந்து கேக்குற? முள்ளு போட்டவளுக்கு நான் எதுக்குத் தண்ணி கட்டப் போறேன்?" என்றாள். உனக்குத் தெரியுமாடி என்றேன். "உன் பொடவத் துண்டு முள்ளுலயே மாட்டிக்கினு கெடந்துச்சி, நீ வேற என் பக்கத்துல நின்னுக்கினு திட்டுற. சிரிக்கிறதா அடிக்கிறதான்னு தெரியல எனக்கு" என்றாள். தண்ணீரை மறுபடி கேட்டதற்கு, "எலி வளை தோண்டி வரப்பு ஒடஞ்சிருக்கும், போக்கா. காப்பி குடிச்சிட்டுப் போ" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். எலியா அவளா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

நீ கஞ்சி ஊற்றினவர்களை ஒரு பக்கமும் கதவு சாத்தினவர்களை ஒரு பக்கமும் எழுதியிருக்கிறாய். எங்களை எந்தப் பக்கம் வைப்பாய்? அம்சவள்ளியை எங்கே வைப்பாய்? இழுத்தது நான்தான், என் பேரை மட்டும் போடு என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டாரே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் ஊர் சாத்தின கதவை எழுதிவிட்டு நாம் போட்ட முள்ளை விட்டால், படிக்கிறவர்கள் நம்மை ஊராரைவிட நல்ல மனுஷர் என்றல்லவா நினைப்பார்கள். இரண்டு பேர் பேரையும் போட்டுவிடு. அந்த இடத்தில் மட்டும் அப்பாவை ஒரு விவசாயி, கண்ணாயிரம் என்று யாரோ போல எழுதாதே. என் அப்பா என்று எழுது.

பிள்ளைகுட்டியோடு நூறு வருசம் நன்றாக இரு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அச்சுக்குக் கொடுக்குமுன் அம்சவள்ளி சித்திக்கு ஒரு போன் போடு.

உன் அம்மா
அஞ்சலை