எந்தப் பக்கம் மடிப்பது

சிம்பாங் அம்பாட்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வாணி அக்காவுக்கு,

இங்கே நலம். பெர்த்தில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் என் குரலைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க உனக்கு வேலை ஓடுவதில்லை என்று சொல்லி, மின்னஞ்சலில் கடிதம்போல எழுது என்றாய். எனக்கும் பேசுவதைவிட இதுதான் சுலபம்.

அப்பா நலம். பிறை தொழிற்பேட்டையில் லாரி ஓட்டம் குறைந்துவிட்டது. பாதி நாள் கம்பெனியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார். அம்மா அரைத்து வைத்த குழம்புப் பொடி டின்னை மட்டும் இன்னும் தொட விடுவதில்லை. அவ்வப்போது எடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைக்கிறார். நான் கடைப் பொடியில்தான் குழம்பு வைக்கிறேன்.

வேலை பிடித்திருக்கிறது. தினமும் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஃபெரிப் படகில் ஜார்ஜ்டவுன் போகிறேன். சின்ன வீடியோ கேம் கம்பெனி. கேமை விற்பதற்கு முன்னால் வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாட வைப்பார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சலிப்படைகிறார்கள், எங்கே கை நிற்கிறது என்று எழுத வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "மத்தவங்க வெளாடுறதப் பாக்கவா உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்? நல்லா இருக்குலா" என்றார். ஒரே ஒரு விதி, நான் பேசக்கூடாது. வழி தெரியாமல் அவர்கள் திண்டாடினாலும் வாயைத் திறக்கக்கூடாது. எனக்கென்றே செய்த வேலை என்று நீ சிரிப்பாய்.

இப்போது செய்யும் கேமில் ஒரு பெண் வெளிநாட்டிலிருந்து வந்து தன் அம்மாவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை மூடுகிறாள். அம்மா வயதாகி ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாள், அம்மா விட்டுப்போன பொடியில் சாம்பார் வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு, கடைக் கதவை இறக்குகிறாள். அவ்வளவுதான். கதையில் யாரும் சாகவில்லை.

இந்த வாரம் ஒன்று நடந்தது. சீனர்களும் மலாய்க்காரர்களும் புன்னகையோடு முடித்தார்கள். நம் ஆட்கள் மட்டும் இலை மடிக்கும் இடத்தில் அப்படியே அடங்கிப்போனார்கள். ஜெலுத்தோங்கிலிருந்து வந்த சின்னம்மா என்ற பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் தலைவி ரொஸ்னாவிடம் கேட்டார்: "ஐயோ, அந்தம்மா எப்பம்மா செத்தாங்க? சொல்லவே இல்லையே!"

திரையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அனிமேஷன் செய்கிற ஹைக்கல் கோத்தா பாரு மலாய்க்காரன், நம் வழக்கம் அவனுக்குத் தெரியாது. அவன் இலையை எதிர்ப்பக்கமாக மடிக்க வைத்திருந்தான். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்போம், மனம் நிறைந்து சாப்பிட்டால் நம்மை நோக்கி மடிப்போம் என்று சொன்னேன். "அலாமாக்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் ஒரு ஆள கொன்னுட்டேனா?"

எல்லாரும் சிரித்தார்கள். இலை என்றதும் உன் ஞாபகம் வந்தது. சொல்லாமல் மறைப்பது சரியாகப் படவில்லை. அக்டோபர் கடைசியில் அம்மா திதி வருகிறது, அக்கா.

அன்புடன்,
நித்யா


பெர்த்
17 ஆகஸ்ட் 2025

நித்யா,

உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கவில்லை. ஒருமுறை படித்ததே போதும்.

பொடிகூட இருக்கிறதே உங்கள் கதையில். வெளிநாட்டிலிருந்து வந்த மகள், அம்மாவின் பொடி, இலை. இதெல்லாம் தானாக வந்ததா, நீ சொல்லி வந்ததா?

அம்மாவின் பதினாறாம் நாள் உனக்கு நினைவிருக்கும். எல்லாரும் இலையை அந்தப் பக்கம் மடித்தார்கள். நான் என் பக்கம் மடித்தேன். அத்தை பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பாருங்கடி, தாய் செத்ததுல இவளுக்கு வயிறு நெறஞ்சு போச்சு." அப்பா ரச வாளியோடு எனக்கு எதிரில்தான் நின்றார். என் இலையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வராமல் இருப்பது அத்தைக்காக என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். அத்தை எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

உனக்கும் இதுவரை சொன்னதில்லை. அன்று சாம்பார் வைத்தது நான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அம்மா அரைத்த பொடியில் வைத்தேன். அது அம்மாவின் சமையல், நித்யா. அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு நான் வேறு எந்தப் பக்கம் மடிப்பேன்? ஏன் இப்படி மடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நீயும்தான்.

திதிக்கு வரச் சொல்லிக் கேட்காதே.

வாணி


சிம்பாங் அம்பாட்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பொடி, கதை எழுதும் இக்மலின் அம்மா அவனுக்குக் கொடுத்தனுப்பும் பொடி. அன்றைய சாம்பாரில் அம்மாவின் பொடி இருந்தது என்று உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கே தெரியாது. நான் கேட்கவில்லை என்பது உண்மை.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஹைக்கலின் தவறைத் திருத்தினால் போதும் என்று இருந்தேன். ரொஸ்னா வேறு மாதிரி யோசித்தார். ஈப்போ பற்றிய வரிகளை எடுத்துவிட்டார்கள். அம்மா எங்கே என்று கதை இப்போது சொல்வதில்லை. இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதை விளையாடுகிறவரிடமே விட்டுவிட்டார்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் விசையை முன்னால் தள்ளினால் எதிர்ப்பக்கம், தன்னிடம் இழுத்தால் உள்பக்கம். எந்த விளக்கமும் கிடையாது. "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க கதவ மூடிட்டுப் போகட்டும்" என்றார் ரொஸ்னா.

வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். முதல் தடவையாக எதிர்த்துப் பேசினேன். இக்மல், "என்ன சொன்ன? கேக்கல" என்றான். திரும்பவும் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். காரணம் உன்னுடையது என்பதால் சொல்லவில்லை. அதனால் தோற்றேன்.

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சினிமாவில் யாரோ மடிப்பார்கள், நாம் பார்த்து அழுவோம். இங்கே அவர்களுடைய கட்டைவிரல் அசைந்தால்தான் இலை மடியும். அதுவரை எதுவும் நடக்காது. மின்விசிறி மட்டும் சுற்றும். பொருள் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டுப் பிறகு வைக்கிறார்கள். மோகனராஜ் என்று ஒருவர், முரட்டு ஆள், பிறையில் வெல்டர். பாதி மடித்துவிட்டுப் பழையபடி விரித்தார். "தப்பாப் போச்சு, தப்பாப் போச்சு" என்று திரையிடம் மன்னிப்புக் கேட்டார். வெளியே போனவர் நெடுநேரம் மோட்டாரில் ஏறாமல் நின்றார்.

இதில் நம் வீட்டுக் கதை இல்லை. ஆனால் இருப்பதுபோல உனக்குத் தோன்றினால் நான் மறுக்க மாட்டேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
நித்யா


சிம்பாங் அம்பாட்
4 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. கோபம் தீராமல் இருக்கலாம். வருகிறாயா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை விளையாட ஆள் குறைந்தது. வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வா என்றார் ரொஸ்னா. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "அப்படிப்பட்ட ஆள்தான் வேணும்" என்றார். அப்பா தீபாவளிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஃபெரியில் யாரோ எங்கே பயணம் என்று கேட்டதற்கு, "மக ஆபீசுல என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

ஹைக்கல் விசைகளைக் காட்டினான். "இதுல ரிவர்ஸ் கியர் எங்க தம்பி?" என்று கேட்டார். அந்தப் பெண்ணைச் சுவரில் முட்ட வைத்தார், மேசைமேல் ஏற்றினார். பிறகு பழகிவிட்டது. சாம்பார் வைத்து முடித்ததும் சாப்பிட உட்காராமல் அவளைத் திரும்பச் சமையலறைக்கு நடத்திப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

இலை வந்தது. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்வதுபோலக் கால்சட்டையைத் தடவினார். பிறகு எடுத்து, தன் பக்கம் இழுத்தார். எடுத்த உடனே இழுத்தார், அக்கா. யோசித்ததெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருந்தது.

ரொஸ்னா உள்ளே போய்க் கேட்டார்: "ஏன் அங்கிள் இந்தப் பக்கம் மடிச்சீங்க? அந்தம்மா இல்லன்னு தோணலையா?"

"தோணுதும்மா. பொடி அந்தம்மா அரைச்சதுதானே? அப்போ சமையலும் அந்தம்மாவோடதுதான். நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வேணாமா?"

ரொஸ்னா எழுதிக்கொண்டார். அப்பா இன்னும் கொஞ்சம் பேசினார். கண்ணாடிக்குப் பின்னால் நான் இருப்பது அவருக்குத் தெரியும். மறந்துவிட்டாரா, மறக்கவில்லையா என்று சொல்ல முடியவில்லை.

"என் மூத்த பொண்ணு இப்படித்தான் மடிச்சா. எனக்கு அப்பவே தெரியும், சாம்பார் வாசனையே சொல்லுச்சு. என் தங்கச்சி அவள ஏசுனப்போ, அவ மடிச்சது சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். வாளியத் தூக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டேன்."

நான் பேசக்கூடாது என்பது விதி. தாளில், 'கை நின்றது. பிறகு உள்பக்கம்' என்று எழுதினேன்.

திரும்பும்போது ஃபெரியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கடைய வேற யாராச்சும் எடுத்து நடத்துவாங்களா?" இல்லை, கதை அதோடு முடிந்துவிடும் என்றேன். "அநியாயம்லா" என்றார்.

கேமுக்கான இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன். ரொஸ்னாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இது சோதனைக்கான பிரதி, நடுவில் அணைத்தால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். நீ விளையாட வேண்டும் என்று இல்லை.

அன்புடன்,
நித்யா


பெர்த்
19 அக்டோபர் 2025

அன்புள்ள நித்திக்குட்டி,

இன்று விடுமுறை. விளையாடினேன். நானும் சுவரில் முட்டினேன். நானும் திரும்பிப் போய் கேஸைப் பார்த்தேன். அதன் பிறகுதான் நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் எழுந்துபோய் பால்கனியில் நின்றேன்.

இலை வந்தது. விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் இந்த ஊரில், இந்த அறையில், யாரும் இல்லாமல் மடிக்கப் பிடிக்கவில்லை. லேப்டாப் அப்படியே மேசைமேல் இருக்கிறது. அந்தப் பெண் சாப்பிட்டு முடித்து இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மின்விசிறி சுற்றுகிறது. என்னோடு தங்கியிருக்கும் பெண் இரண்டு தடவை வந்து, அணைக்கவா என்று கேட்டுவிட்டாள். வேண்டாம் என்றேன். உன் தாளில் இதற்கு என்ன எழுதுவாயோ, எழுதிக்கொள்.

நம் வீட்டுக் கதையை அங்கே நீ சொன்னாய் என்று நம்பியதற்கு என்மேல் கோபம் வேண்டாம்.

திதிக்கு வருகிறேன். விடுப்பு கிடைத்துவிட்டது. அப்பாவிடம் நானே போனில் சொல்கிறேன். நீ பேசாமல் இரு, அதுதான் உனக்கு வருமே. அந்த டின்னில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது. கடைசிக் கரண்டியாக இருந்தாலும் சரி. சாம்பார் நான் வைக்கிறேன்.

அத்தையையும் கூப்பிடச் சொல். எனக்கு எதிர் இலையில் உட்காரட்டும். ரசம் அப்பாதான் ஊற்ற வேண்டும்.

முத்தங்களுடன்,
அக்கா