கழற்றிய பட்டைகள்

வைகாசி 20, வியாழன்

மாங்காய் லோடுக்காகக் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகள் போட்டுப் பின்பக்கம் தூக்கி வைத்த பிக்கப் வண்டி, காலியாக ஓடினால் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். முதுகில் ஆபரேஷன் ஆன என் மனைவி செல்வியை நாளை அதில்தான் சென்னை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். அதனால் இன்று ராஜபாளையம் பட்டறையில் அந்தப் பட்டைகளில் இரண்டைக் கழற்றச் சொன்னேன்.

"இனி லோடு ஏத்திராதீக, உக்காந்துரும்" என்றார் மெக்கானிக்.

மம்சாபுரத்தில் வீட்டுக்கு வந்தால் வாசல் நிறைய மாங்காய்ப் பெட்டிகள். செல்விதான் தோப்புக்காரரிடம் பேசி இறக்க வைத்திருக்கிறாள்.

"அம்புட்டு தூரம் வெறும் வண்டியாவா போறது? பெட்டி இருந்தா தூக்கியும் போடாதுல்ல."

சரிதான். பட்டைகள் இருந்திருந்தால் அந்தப் பாரமே வண்டியை அமுக்கிப் பிடித்திருக்கும். எனக்கு இது தோன்றவில்லை. பட்டறையும் பூட்டியாயிற்று.

பட்டைகளைக் கழற்றியதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பெட்டிகளுக்கெல்லாம் சாக்கு போர்த்திவிட்டுத் தூங்குகிறாள். குனிய முடியாதவள் எப்படிப் போர்த்தினாளோ.