புகார் சொல்லாத லாரிக்காரர்

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. எங்கள் கன்டெய்னர் யார்டில் கேட்டுக்கு ஒன்று, கிரேனுக்கு ஒன்று என இரண்டு மென்பொருள் ஏஜென்ட்கள். எந்த லாரி எப்போது உள்ளே வரலாம் என்று தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும். மேற்பார்வை நான்.

வியாசர்பாடி தேவராஜ் அண்ணன் இன்று காலையிலிருந்து யார்டுக்குள் வர முறை கிடைக்காமல் வெளியே எண்ணூர் ரோட்டில் லாரியோடு நின்றார். மதியம் போய், "ஏண்ணே, போன்ல புகார் பட்டனை அழுத்தலையா?" என்றேன்.

"அத்த அமுக்கி இன்னாம்மா ஆவப்போவுது? நம்ம டைம் வராமலா பூடும்?" என்று சிரித்தார்.

சந்தேகப்பட்டு ஏஜென்ட்கள் பரிமாறிக்கொண்ட செய்திகளைத் திறந்தேன். நாலு தடவை அவரைப் பின்னுக்குத் தள்ளியிருந்தன. காரணம்: 'இவர் புகார் செய்யமாட்டார்.' புகாரைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தோம். இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நானே கேட்டைத் திறந்து அவரை உள்ளே விட்டேன். மேனேஜரிடம் காட்டினால், "புகார் குறைஞ்சிருக்கே மேடம், அப்புறம் என்ன?" என்கிறார்.

ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி பார்த்தேன். கேட் ஏஜென்ட் கிரேன் ஏஜென்ட்டுக்குப் புதிதாக ஒன்று அனுப்பியிருந்தது: 'மேற்பார்வையாளர் ஆறு மணிக்கு மேல் பார்ப்பதில்லை.'

பையை வைத்துவிட்டு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன். எல்லா லாரியும் வரிசைப்படிதான் வந்தது. நான் இருப்பது தெரிந்ததாலோ என்னவோ.