கிளெண்டாவுக்கு அக்கா இல்லை

தவேரா தொலைக்காட்சி நிலையம்
1 மார்ச் 1991

பௌலியாசிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. இந்தப் பெட்டியில் ‘வாட்டில் துறை’ எட்டு டேப், 1009 முதல் 1016 வரை. 1011இல் நடுவே கோடு விழுகிறது. இங்கே ஒளிபரப்பியபோதே இருந்தது, அதை என் தலையில் கட்டாதே. அடியில் பழுப்பு உறை ஒன்று இருக்கும். அதே பத்திரம்தான், மூன்றாவது முறையாக. நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன்.

மே மாதம் இங்கே நிலச் சபை கூடுகிறது. வெளிநாட்டுக்காரன் மனைவி என்று பதிவேட்டில் இருக்கும்வரை அப்பாவின் வீட்டு மனையை என் பேருக்கு எழுத மாட்டார்கள். சித்தப்பா மகன் அளவு நாடாவோடு இப்போதே சுற்றி வருகிறான். நமக்குள் முறிந்துவிட்டது என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பாய் விற்க வந்த உங்கள் ஊர் லோசலீனி புதன்கிழமை நிலையத்துக்கே வந்துவிட்டாள். உறவுக்காரர் வீட்டில் நான் வாசித்த ‘வாட்டில் துறை’யைப் பார்த்தாளாம். “என்னம்மா நீ, வாய்க்கு வந்ததை வாசிக்கிறே? கிளெண்டாவாவது, ராஸை விட்டுட்டுப் போறதாவது! சீக்கா கெடக்கிற அக்காவைப் பாத்துக்கல்ல போயிருக்கா!” என்று ஒரே சண்டை.

சிட்னியில் பதினொரு வருஷமாக ஓடும் தொடர். அதில் எந்த மூலையிலும் கிளெண்டாவுக்கு அக்கா இல்லை. 980ஆம் டேப்பில் அவள் ராஸை விட்டுப் போனாள். அவ்வளவுதான் கதை. நம் இருவருக்கும் வேலை ஒன்றுதான்: ஆங்கிலச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர்கள் சொல்வதை நம் பேச்சில் வாசிப்பது. இட்டுக்கட்டுவது இல்லை.

சண்டை ஓய்ந்து கிளம்பியவள் வாசலில் திரும்பி நின்று, “ஆமா, உங்க அக்காவுக்கு இப்போ தேவலையா?” என்று கேட்டாள். எனக்கு இரண்டு தம்பிகள்தான், பௌலியாசி. அக்கா எப்போது பிறந்தாள்?

அனாசீனி

*

லோமாய்
9 மார்ச் 1991

என் அன்பு அனாவுக்கு,

இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். இப்போது நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நான் ஒருவன்தான் தப்பு செய்கிறேனா? இதே டேப்புகள் போகும் டெவாங்கா நாட்டில் போதகர்கள் முத்தங்களையெல்லாம் வெட்டி வெட்டி, அரைமணிக் கதை பத்தொன்பது நிமிஷமாகச் சுருங்கி, மீதிக்குப் பாட்டு போடுகிறார்கள். நுகுலாயில் பெட்டி மாறிப்போய், செத்த தபால்காரன் அடுத்த வாரம் சைக்கிளில் வந்தான். ஊர் பயந்துபோய் இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. நான் எதையும் வெட்டவில்லை. ஒரு அக்காவைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன். 980 ஓடிக்கொண்டிருக்கிறது. கிளெண்டா பையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் காரில் ஏறுகிறாள். “நான் போறேன் ராஸ், இனி வரமாட்டேன்” என்கிறாள். என் வாயில் வந்தது, “அக்காவுக்கு உடம்பு சரியில்லை ராஸ், பாத்துட்டு வந்துடறேன்.” யோசித்துச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக உன்னைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இதையே சொல்லிப் பழகின வாய்.

அதன்பிறகு பிரிஸ்பேனில் அந்தத் தாடிக்காரன் வந்து சேர்ந்தான். அவனை அக்காவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஆக்கிவிட்டேன். “டாக்டர் ஏன்யா இவ கையைப் பிடிக்கிறாரு?” என்று மீன் சந்தையில் கேட்டார்கள். நாடி பார்க்கிறார் என்றேன்.

பத்திரம் வந்தது. பேனாவில் மை இல்லை. நீ ஒரு முறை வந்துவிட்டுப் போயேன் அனா. பெண்கள் குரலையும் நானே வாசிக்கிறேன். கிளெண்டாவுக்கு மூன்று வருஷமாக ஜலதோஷம் என்று ஊரே சிரிக்கிறது.

உன்
பௌலியாசி

*

தவேரா
15 மார்ச் 1991

பௌலியாசிக்கு,

டேப் எட்டு, 1017 முதல் 1024 வரை. பேனா ஒன்று. புதியது, எழுதிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அதை ஒளிக்கவில்லை. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. என்னையும் சேர்த்தல்லவா இட்டுக்கட்டியிருக்கிறாய்? மூன்று வருஷமாக உன் ஊரில் என் பேரில் ஒரு பெண் இல்லாத அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். இங்கே நான் வேலை பார்க்கிறேன், கூரை மாற்றுகிறேன், தம்பிகளோடு சண்டை போடுகிறேன். இந்த அனாசீனியை உனக்குத் தெரியவே தெரியாது.

எச்சரிக்கையாகச் சொல்கிறேன், அடுத்த பெட்டியில் 1028 வருகிறது. வெள்ளை உடுப்பு, தேவாலயம், மூன்றடுக்குக் கேக். நாடி பார்த்த டாக்டர் கிளெண்டாவுக்கு மோதிரம் போடுகிறார். நீ என்ன சொல்லிச் சமாளிப்பாய் என்று எங்கள் நிலையத்தில் பந்தயமே நடக்கிறது. நான் அதில் சேரவில்லை. எனக்குக் கையெழுத்து வேண்டும்.

அனாசீனி

*

லோமாய்
23 மார்ச் 1991

அனா,

வழி கண்டுபிடித்துவிட்டேன்! டாக்டருக்கும் அக்காவுக்கும்தான் கல்யாணம். அக்காவால் எழுந்து நிற்க முடியாது, அதனால் அவளுக்குப் பதிலாகக் கிளெண்டா நிற்கிறாள். எப்படி? நிலையத்தில் தட்டெழுத்துக்காரியிடம் சொன்னேன். “சார், போய் ஒரு வாய் தண்ணி குடிங்க” என்றாள்.

இருப்புக்கொள்ளவில்லை, அனா. கடற்கரைக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். உன் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். பத்திரத்தை மேசையில் விரித்தால் கை போகமாட்டேன் என்கிறது. போட்டுவிட்டால் நீ போய்விட்டாய் என்று ஆகிவிடும். போடாதவரை நீ எங்கேயோ போயிருக்கிறாய், அவ்வளவுதான்.

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. எதற்காகப் போனாய்? உன் அப்பா காரியத்துக்கென்று கப்பலேறினவள் திரும்பவே இல்லை. நான் உன்னை அடித்தேனா, ஒரு சொல் வைதேனா? காரணத்தைச் சொல், அப்புறம் போடுகிறேன்.

பௌலியாசி

*

தவேரா
29 மார்ச் 1991

பௌலியாசி,

டேப் 1025 முதல் 1032.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். 1988 ஏப்ரல், கிளெண்டாவுக்கும் ராஸுக்கும் கல்யாணம் நடந்த வாரம். பெண் குரலுக்கு என்னை விட்டால் லோமாயில் ஆள் இல்லை. திங்கட்கிழமை நிலையத்துக்கு என் பேருக்குத் தந்தி வந்தது. நீ பிரித்தாய். என்னிடம் வந்து, “உங்கப்பாவுக்கு லேசாக் காய்ச்சலாம், அடுத்த கப்பல்ல போலாம்” என்றாய். செவ்வாய்க்கிழமை கப்பல் போனது. வியாழக்கிழமை நான் மைக்கின் முன்னால் உட்கார்ந்து கிளெண்டாவுக்காகச் சிரித்தேன், வெட்கப்பட்டேன், “ராஸ், என் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல நாள்” என்று வாசித்தேன். வாசலில் ஊரே நின்று கை தட்டியது. என் அப்பாவைப் புதைத்தது அதற்கு முந்தின நாள்.

வெள்ளிக்கிழமைதான், செய்தி இப்போதுதான் வந்தது என்று சொல்லி அழுதாய். உன் அழுகையை நம்பினேன். கப்பலேறத் துணி எடுக்கும்போது உன் பெட்டியில் தந்தி கிடந்தது. அதில் தேதி இருக்கும், பௌலியாசி. தேதியை யாரும் மாற்றி வாசிக்க முடியாது.

நீ என்னை அடிக்கவில்லை. எனக்கு வந்த சொல்லை எனக்குத் தராமல் வைத்துக்கொண்டாய். நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை, பயந்தவன். ஆனால் அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அனாசீனி

*

லோமாய்
6 ஏப்ரல் 1991

அனாசீனிக்கு,

உறையில் பத்திரம் மேலேயே இருக்கிறது. நீ குறி வைத்த இடத்தில் போட்டிருக்கிறேன். சாட்சிக்கு லோசலீனி போட்டிருக்கிறாள், அவள் கையெழுத்து என் கையெழுத்தைவிடப் பெரிது.

வியாழக்கிழமை 1028. படம் தொடங்குவதற்கு முன்னால் மைக்கில், “கிளெண்டாவுக்கு அக்கா இல்லை. அவள் ராஸை விட்டுப் போய்விட்டாள். நான் பொய் வாசித்தேன்” என்றேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். வாய் நிற்கவில்லை. “என் மனைவிக்கும் அக்கா இல்லை” என்றேன். அப்புறம் ஒழுங்காக வாசித்தேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். தேவாலயத்துக்குள் போகும் முன்பு காரில் உட்கார்ந்து கிளெண்டா தனியாகப் பேசுவாளே, அந்த இடம் வந்ததும் மைக்கை மூடிவிட்டு அவள் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். இங்கே யாருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனாலும் அவள் வாயால் அவள் பேசட்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் பெண்கள் பாய் கொண்டுவந்தார்கள். இழவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல, கூடவே சேப்பங்கிழங்கும் சுட்ட சீமைப்பலாவும். “ராஸுக்கா?” என்று கேட்டேன். “அவனுக்கு எதுக்குடா பாய், அவன் பெட்டிக்குள்ள இருக்கான். உனக்குத்தான்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நீ வரமாட்டாய் என்று மூன்று வருஷமாக எல்லோருக்கும் தெரியுமாம். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார்களாம். லோசலீனி ஒருத்திதான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள், அவளுக்குத்தான் என்மேல் அடங்காத கோபம். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் ஓரிடத்தில் உட்கார்ந்தேன்.

இன்னொன்று பாக்கி. நீ பார்த்ததுதான், ஆனாலும் நான் வாசிக்க வேண்டியது. உன் தந்தியில் இருந்தது இது: “அப்பா இன்று காலை இறந்தார். கடைசியாக அனாவைக் கேட்டார். உடனே வா.” அன்றைக்கே வாசித்திருக்க வேண்டும். கல்யாண டேப்பும் ஊரும்தான் கண்ணுக்குத் தெரிந்தன, நீ தெரியவில்லை. மன்னிப்பு கேட்கிறேன், தர வேண்டும் என்று கேட்கவில்லை.

மே மாதம் மனை உன் பேருக்கு வரட்டும். சித்தப்பா மகன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போகட்டும்.

டேப்புகளை வழக்கம்போல அனுப்பு, இங்கே சனங்கள் காத்திருப்பார்கள். ஆனால் இனிப் பெட்டியில் கடிதம் வைக்காதே. திறந்ததும் டேப்பை விட்டுவிட்டு நான் அதைத்தான் முதலில் தேடுகிறேன்.

பௌலியாசி